மரம் உச்சியில காயுதுன்னா முதல்ல காலடிய பாருங்க டீச்சர்

கேள்வி:

தம்பிக்கு வணக்கம். நான் ரிட்டயர்டு டீச்சர், ஊர் நீடாமங்கலம் பக்கம். வீடு எங்க மாமனாரோட அப்பா கட்டின ஓட்டு வீடு. கொல்லையில அவர் வச்ச நாட்டு மாமரம் ஒண்ணு நிக்குது, ரெண்டு பேர் கை கோத்தாதான் கட்டிப்பிடிக்க முடியும். கஜா புயல்ல புளியமரம் சாஞ்சிடுச்சு, இது நின்னுச்சு. இப்ப ரெண்டு வருஷமா உச்சிக்கிளை காயுது, இலை சிறுத்துப்போச்சு, காய்ப்பும் கம்மி. ஆளுயரத்துல ஒரு பொந்து, கிளி குடியிருக்கு. பெரிய கிளை ஒண்ணு சமையக்கட்டு ஓட்டு மேல நீட்டிக்கிட்டு நிக்குது. பக்கத்து வீட்ல வெட்டிடுங்கன்றாங்க, மரக்கடைக்காரர் விலையே பேசிட்டார். டொரண்டோல இருக்குற என் மகன் வெட்டாதம்மான்றான். அவன் வாங்கின பழைய வீட்லயும் வயசான மேப்பிள் மரம் ஒண்ணு இருக்காம், அங்கல்லாம் பனிக்காலத்துலதான் கிளை கழிப்பாங்களாம், நீயும் மார்கழியில கழிச்சுட்டு வெட்டின எடத்துல பெயிண்ட் அடி, பொந்த சிமெண்ட் வச்சு அடைன்றான். எது சரி? தென்னை ஒண்ணுலயும் அடியில செவப்பா தண்ணி கசியுது. மத்தபடி மரத்த சுத்தி சுத்தமாத்தான் வச்சிருக்கோம், ரோடு ஒசந்து மழைத்தண்ணி உள்ள வருதுன்னு நாலு வருஷம் முன்னாடி கொல்லை பூரா சவுடு அடிச்சு சிமெண்ட் தளம் போட்டாச்சு.

பதில்:

டீச்சருக்கு வணக்கம். நீங்க கேட்டதெல்லாம் மரத்தோட மேல்பாகத்த பத்தி, ஆனா விஷயம் இருக்குறது கடைசி வரியில, சவுடு அடிச்சு தளம் போட்டாச்சுன்னு போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க பாருங்க, அங்கதான்.

டெல்டா ஊர்கள்ல இது தெருவுக்குத் தெரு நடக்குறது. பழைய தார சொரண்டாம அதுமேலயே புதுசு போட்டு போட்டு, ஒரு காலத்துல மூணு படி ஏறி திண்ணைக்கு போன வீடெல்லாம் இப்ப ரோட்டுலேருந்து எறங்கிப்போற வீடா ஆகிப்போச்சு, ஐப்பசியில தெருத்தண்ணி முத்தத்துக்கு வருது, வேற வழியில்லாம டிப்பர்ல சவுடு கொண்டாந்து கொல்லைய ஒசத்துறோம். வீட்டுக்கு அது சரி. ஆனா மரம் நட்ட எடத்துலயே நிக்குதே, அதால ஒசர முடியாதே, கழுத்தளவு மண்ணுல நிக்குது.

இத நீங்களே பாத்து சொல்லிடலாம். வயசான மரம் தரைய தொடுற எடத்துல வேரெல்லாம் பொடைச்சு நாலாபக்கமும் அகலமா விரிஞ்சு எறங்கணும். உங்க மாமரம் ஈ.பி. கம்பம் நட்ட மாதிரி நேரா சிமெண்ட்டுக்குள்ள எறங்குதா, அப்ப அந்த விரிஞ்ச பகுதி கீழ பொதைஞ்சு கெடக்குன்னு அர்த்தம். நாலு வருஷம் முன்னாடி மண்ணடிச்சீங்க, ரெண்டு வருஷமா உச்சி காயுது, கணக்கு சரியாத்தான் வருது. பெரிய மரம் உள்ள சேத்து வச்ச சத்த வச்சு ரெண்டு மூணு வருஷம் சமாளிச்சிட்டு அப்பறம்தான் காட்டிக்குடுக்கும், அதனாலதான் யாருக்கும் மண்ணடிச்சதுக்கும் மரம் காயுறதுக்கும் முடிச்சு போட தோணுறதில்ல, வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டு போயிடுறாங்க. மாமரத்துக்கு இதெல்லாம் ஒரு வயசே இல்ல டீச்சர், நல்லா இருந்தா நூறு தாண்டியும் காய்க்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, வேர் ஆழமா போகும்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நெனப்பு, நெஜத்துல தண்ணியும் சத்தும் உறிஞ்சுற சல்லிவேர்ல பெரும்பகுதி மேல் ஒண்ணரை ரெண்டு அடி மண்ணுக்குள்ளயேதான் இருக்கு, கிளை பரவினதுக்கும் வெளிய வரைக்கும் ஓடியிருக்கும். அந்த சல்லிவேருக்கு காத்து வேணும். நம்ம பக்கத்து களிமண்ணு ஏற்கனவே காத்துக்கு எடம் குடுக்காத மண்ணு, அதுமேல ரெண்டடி சவுடு, அதுமேல தளம், மூச்சுமுட்டி கொஞ்சம் கொஞ்சமா சாகுது. வேர் கொறைஞ்சா தண்ணி மேல ஏறாது, கடைசி வீட்டுக்கு பைப்புல தண்ணி வராதது போல உச்சி மொதல்ல காயும். இன்னொண்ணு, வேர்ப்பட்டை ஈரத்துல இருக்க பொறந்தது, தண்டுப்பட்டை அப்படி இல்ல, அத மண்ணுல பொதைச்சா ஊறி அழுகி பூஞ்சாணம் ஏறும்.

அதனால மொத வேலை ரம்பம் இல்ல, சுத்தியல். தண்ட சுத்தி குறைஞ்சது ஆறு அடிக்கு தளத்த ஒடைச்சு எடுங்க, மனசு வந்தா பத்து அடி. கொத்தனார் சங்கடப்படுவார், போட்டது அவராத்தான் இருக்கும். ஜேசிபி கிட்டவே வரக்கூடாது, அது ஒரு இழு இழுத்தா நாலு வருஷ சேதம் நாலு நிமிஷத்துல நடந்துடும். தளம் போனப்பறம் தண்டுக்கு பக்கத்துல ரெண்டடிக்கு களைக்கொத்து, கைக்கொத்து வச்சு பொறுமையா மண்ண எடுங்க, கடப்பாரை வேணாம், பழைய தரைமட்டம் வந்ததும் மண்ணோட நெறமே மாறும், சவுடு தனியா தெரியும், வேர் விரியுற எடம் கண்ணுக்கு தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. கட்டைவிரல் தடிமனுக்கு மேல உள்ள எந்த வேரையும் வெட்டவேணாம். புது சவுட்டுக்குள்ள தண்டுலேருந்து புதுசா மெல்லிசா வேர் விட்டிருக்கும், அது தண்ட சுத்தி வளைச்சு இறுக்குற மாதிரி இருந்தா அத மட்டும் நறுக்கலாம்.

இப்ப ஒரு பள்ளம் ஆகியிருக்கும். சுத்தி சிமெண்ட் பூசாம வெறும் செங்கல்ல வரிசையா அடுக்கி ஒரு வட்டம் கட்டிடுங்க மண்ணு திரும்ப சரியாம. வெளிநாட்டு வீடியோவுல இத்தோட முடிச்சிடுவாங்க, நம்மூர்ல முடியாது, ஏன்னா ஐப்பசி மழைக்கு அது நெறைஞ்சு மரம் தொட்டியில நிக்கும், அது சவுட்டவிட மோசம். பள்ளத்தோட அடிமட்டத்துலேருந்து ஒரு பைப்பு போட்டு, வடியுற பக்கம் எங்க இருக்கோ அங்க, வாய்க்காலோ உடைகல்லு போட்ட குழியோ, அதுல விட்டுடணும். வாட்டம் கெடைக்கலன்னா மழை நாள்ல வாளி வச்சு எறைச்சுதான் ஆகணும், இத இப்பவே சொல்லிடுறேன். இப்ப ஆவணி, மழைக்கு முன்னாடி தளத்த ஒடைச்சு தண்டோரத்து மண்ண மட்டும் எடுத்துடுங்க. தூரத்துல உள்ள சவுட்ட தையில, மண்ணு பொலபொலன்னு இருக்குறப்ப, கொஞ்சம் கொஞ்சமா இளக்கி மக்கின சாணியெருவ கலந்து விடுங்க. மேல காஞ்ச சருகு நாலு அங்குலத்துக்கு போர்த்தி வைங்க, தண்ட தொடாம ஒரு சாண் தள்ளி. பங்குனி சித்திரையில பத்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடணும், அதுவும் தண்டு மேல இல்ல, கிளை நிழல் விழுற ஓரத்துல. யூரியா போட்டா பச்சை ஏறும்னு யாராவது சொல்லுவாங்க, வேர் செத்துக்கிட்டு இருக்குற மரத்துக்கு யூரியா போட்டு இலை தள்ள வைக்கிறது வேண்டாத வேலை.

இனி உங்க பையன் சொன்னது. அவர் தப்பா சொல்லல, அவர் ஊருக்கு சொன்னார். அங்க மேப்பிள், ஓக், எல்ம் எல்லாம் இலைய உதுத்துட்டு நாலஞ்சு மாசம் தூங்குற மரம். ஜனவரியிலேருந்து மார்ச் வரைக்கும் வெட்டினா இலை இல்லாததால கிளையமைப்பு முழுசா தெரியும், பூச்சியும் பூஞ்சாணமும் குளிர்ல முடங்கியிருக்கும், வசந்தம் வந்ததும் காயத்த சுத்தி புதுப்பட்டை ஏற ஆரம்பிச்சிடும். கனடாவுல ஆல்பெர்ட்டா மாகாணத்துல ஏப்ரல் 1லேருந்து செப்டம்பர் 30 வரைக்கும் எல்ம் மரத்துல கிளை வெட்டவே தடை, வெட்டுவாய் வாசனைக்கு வண்டு வந்து நோய பரப்பும்னு. பெயிண்ட் கதையும் அங்கேருந்து வந்ததுதான், ஓக் வாடல் நோய் இருக்குற பகுதியில வெயில் காலத்துல ஓக் மரத்துல காயம் பட்டா உடனே பூசச் சொல்லுவாங்க, வண்டு அண்டாம இருக்க. மத்த மரத்துக்கு அங்கயே இப்ப பூசுறதில்ல.

நம்ம மாமரம் தூங்குற மரமே இல்ல. மார்கழியில அது பூவெடுக்க தயாராகிக்கிட்டு இருக்கும், அப்ப வெட்டினா அந்த வருஷத்து பூ போச்சு, மழை விட்ட ஈரத்துல பூஞ்சாணத்துக்கும் கொண்டாட்டம். அதவிட பெரிய விஷயம், புயல் மார்கழி வரைக்கும் காத்திருக்காது. கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு, அது ஐப்பசி கடைசி. ஓட்டு மேல நீட்டிக்கிட்டு இருக்குற கிளைய அதுக்கு முன்னாடி பாக்கணும். காய் பறிச்ச பிற்பாடு ஆடி ஆவணிதான் மாமரத்துக்கு கழிக்கிற பருவம், அதனால இந்த ஒரு வேலைய மட்டும் இந்த மாசமே முடிச்சிடுங்க.

எவ்வளவு வெட்டுறதுன்னா, காஞ்ச கிளை எல்லாம் போகலாம். பச்சைக் கிளையில சமையக்கட்டு மேல போறது ஒண்ணுதான், அதையும் அடியோட எடுக்காம, நடுவுல நல்ல பக்கக்கிளை பிரியுற எடம் பாத்து அது வரைக்கும் கொறைச்சு விடுங்க, அந்த பக்கக்கிளை வெட்டுற கிளையில மூணுல ஒரு பங்கு தடிமனாவது இருக்கணும், அப்பதான் அது பொறுப்பெடுத்துக்கும். மொத்த பச்சையில பத்துல ஒரு பங்குக்கு மேல இந்த வருஷம் கைவைக்காதீங்க, வேர் போன மரத்துக்கு சோறு போடுறது அந்த இலைதான். தலைய மொட்டை அடிச்சா காத்து புடிக்காதுன்னு ஒருத்தர் நிச்சயமா சொல்லுவார். மொட்டை அடிச்ச எடத்துலேருந்து குச்சி குச்சியா பத்து துளிர் ஒண்ணா வரும், அது மரத்துக்குள்ள வேரோடி வந்த கிளை இல்ல, பட்டைக்கு அடியில மேலாப்புல ஒட்டிக்கிட்டு வந்தது, நாலஞ்சு வருஷத்துல தடிச்சு கனமாகி அடுத்த புயல்ல பிச்சிக்கிட்டு உங்க ஓட்டு மேலதான் விழும். கீழ வெட்டுவாய் வழியா தண்டும் அழுகும்.

வெட்டுற முறைய மரம் ஏறுறவர்கிட்ட நீங்க டீச்சராவே சொல்லிக்குடுக்கலாம். கனமான கிளைய ஒரே வெட்டா மேலேருந்து அறுத்தா பாதியில முறிஞ்சு தண்டோட பட்டைய கீழ வரைக்கும் உரிச்சுக்கிட்டு வரும். அதனால மொதல்ல வெட்டவேண்டிய எடத்துலேருந்து ஒரு அடி தள்ளி அடிப்பக்கத்துலேருந்து மூணுல ஒரு பங்கு அறுக்கணும், அப்பறம் அதுக்கும் ரெண்டங்குலம் வெளிய மேலேருந்து அறுத்தா கிளை பட்டைய உரிக்காம விழும், மிச்சமிருக்குற முட்டு இப்ப கனமில்லாதது, அத கடைசியா எடுக்கலாம். கிளை தண்டுல சேருற எடத்துல ஒரு வீக்கம் வளையம் மாதிரி தெரியும், அந்த வளையத்துக்கு வெளிய வெட்டணும், அது உள்ள போகக்கூடாது, ஏன்னா காயத்த மூடுற சக்தி அந்த வளையத்துலதான் இருக்கு. தண்டோட வழவழன்னு சமமா வெட்டினா பாக்க அழகா இருக்கும், மூடவே மூடாது. அருவா வேணாம், ரம்பம். மாம்பால் பட்டா தோல் வெந்துடும், முழுக்கை சட்டை போட்டுக்க சொல்லுங்க. தார், பெயிண்ட் எதுவும் வேணாம். தோட்டக்கலைக்காரங்க போர்டோ பசை பூச சொல்லுவாங்க, அது பூஞ்சாண மருந்து, பெரிய வெட்டுல பூசினா தப்பில்ல.

ஒரு விஷயம் மட்டும் கறாரா இருங்க. கூலியே வேணாம்மா, விறக நான் எடுத்துக்கறேன்னு யாராவது வந்தா உள்ள விடாதீங்க. அவருக்கு எவ்வளவு வெட்டுறாரோ அவ்வளவு லாபம், நீங்க காபி போட உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு நல்ல கிளை கீழ கெடக்கும். கூலி பேசி, எந்த கிளைன்னு சுண்ணாம்பால கோடு போட்டு காமிச்சு, வடம் கட்டி எறக்க சொல்லுங்க. லைன் கம்பி கிட்ட போகுதுன்னா ஈ.பி. ஆபீஸ்ல சொல்லி கரெண்ட நிறுத்தின பிற்பாடுதான் ஆள் ஏறணும்.

பொந்துக்கு சிமெண்ட் கண்டிப்பா வேணாம். ஒரு காலத்துல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பல் அடைக்கிற மாதிரி மரத்துக்கு கான்கிரீட் அடைச்சவங்கதான், இப்ப விட்டுட்டாங்க. காத்துல மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது, ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நின்னு அழுகல் உள்ள ஓடும், நாளைக்கு வெட்டவேண்டி வந்தா ரம்பமும் போச்சு. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்குல மரத்த பொளந்து பாத்து சொன்னது, மரம் காயத்த ஆத்துறதில்ல, அழுகின பகுதிய சுத்தி செவுரு எழுப்பி அடைச்சிட்டு வெளிய புது மரத்த வளக்குதுன்னு. அந்த செவுத்த நாம சொரண்டியோ தொளை போட்டோ ஒடைக்காம இருந்தாலே போதும். நடு வைரம் போறதால மரம் சாகாது, உயிர் ஓடுறது பட்டைக்கு அடியில. ஆனா நிக்குமான்னு கேட்டா அது வேற கேள்வி. நல்ல மரம் சுத்தி எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்குன்னு பாக்கணும், நடுவுலேருந்து வெளிய வரைக்கும் உள்ள தூரத்துல மூணுல ஒரு பங்காவது கெட்டியா இருக்கணும்னு ஒரு உத்தேச கணக்கு உண்டு. உங்க மரம் சுத்தளவு பத்தடின்னு வச்சுக்குவோம், அப்ப நடுவுலேருந்து பட்டைக்கு 19 அங்குலம், சுத்தி 6 அங்குலத்துக்கு மேல கெட்டி மரம் வேணும். மரச்சுத்தியால பொந்துக்கு மேலயும் கீழயும் சுத்திவர தட்டிப்பாருங்க, டொம்முனு கேக்குற எடத்த சுண்ணாம்பால குறிச்சுக்கிட்டு வாங்க. கிளி இருக்கட்டும், அது வந்து பொந்து வரல, பொந்து வந்துதான் அது வந்துச்சு.

காஞ்ச கிளைக்கு அடியில, தண்டுல, மரத்தூள் உதுந்து கெடக்கா, சின்ன ஓட்டை வழியா சாறு வடியுதான்னும் பாருங்க, தண்டு தொளைப்பான் புழுவா இருந்தா அப்படித்தான் தெரியும். கம்பிய கொக்கியா வளைச்சு புழுவ இழுத்து போட்டுட்டு ஓட்டைய களிமண்ணால பூசிடலாம். இது நீள மீசை வண்டு குடும்பம், இதோட சொந்தக்கார வண்டு ஒண்ணு ஆசியாவுலேருந்து போயி 2003ல டொரண்டோ ஓரத்துல புடிபட்டுது, மேப்பிள திங்கிற வண்டு அது, சுத்துவட்டாரத்துல மரத்தையெல்லாம் வெட்டி எடுத்துதான் ஒழிச்சாங்க.

எப்ப வெட்டித்தான் ஆகணும்னும் சொல்லிடுறேன், மரத்து மேல உள்ள பாசத்துல ஓட்டுக்கு அடியில நிக்கிற உங்கள மறக்கக்கூடாது. தளத்த ஒடைச்சு பாக்குறப்ப அடியில தட்டு தட்டா கெட்டியா காளான் ஒட்டிக்கிட்டு இருந்தா, வேர்ப்பட்டை அழுத்தினா பொதக்குனு உள்ள போயி அதுவும் பாதி சுத்துக்கு மேல அப்படி இருந்தா, மரம் புதுசா ஒரு பக்கம் சாஞ்சு எதிர்ப்பக்கம் மண்ணு வெடிச்சு தூக்கியிருந்தா, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் யோசிக்காம எறக்கிடுங்க. மரக்கடைக்காரர்கிட்ட மட்டும் அவசரப்படாதீங்க, பொந்து விழுந்த மாமரத்துக்கு அவர் அவ்வளவு ஆசையா விலை பேசுறார்னா அதுல அவருக்குத்தான் ஏதோ கணக்கு இருக்கு.

தென்னையில செவப்பா கசியுறது பெரும்பாலும் அடித்தண்டழுகல், இதுக்கு பேரே தஞ்சாவூர் வாடல் நோய்தான், கானோடெர்மான்ற பூஞ்சாணம். அடிமட்டை மஞ்சளாகி தொங்க ஆரம்பிச்சிருக்கான்னு பாருங்க. வருஷத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, ட்ரைக்கோடெர்மா (நோய் பூஞ்சாணத்த அடக்குற நல்ல பூஞ்சாணம்) கலந்த தொழு உரம் குடுங்க, அந்த மரத்த சுத்தி ஒரு அகழி வெட்டி தனிப்படுத்துங்க, அதுக்கு விட்ட தண்ணி அடுத்த தென்னைக்கு ஓடவிடாதீங்க. பூஞ்சாணம் வேர் வழியா மத்த மரத்துக்கும் போகும், இத தள்ளிப்போடாதீங்க. உங்க ஊர்லயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, போட்டோவோட நேர்ல போயி காமிங்க, தென்னைக்குன்னா வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையமும் நம்ம பக்கம்தான்.

பையனுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. அவர் மேப்பிளுக்கும் கேள்வி அதேதான், அடி விரிஞ்சு தெரியுதா, இல்ல தரைய போர்த்துற மரச்சில்ல குவியலா தண்டு மேல ஏத்தி வச்சிருக்கா, டிரைவ்வே வேர் மேல போகுதா. பனிக்கு ரோட்ல போடுற உப்பு வேர கெடுக்கும், வீட்டு வழியில உப்புக்கு பதிலா மணல் போடலாம். குளிர்காலத்து மத்தியானத்துல தெக்கு மேக்கு பக்கம் வெயில்பட்டு தண்டு சூடேறி, பொழுது சாஞ்சதும் சட்டுனு குளிர்றப்ப பட்டை நெடுக்கா வெடிக்கும், அத பாத்து பயந்துட்டு தார் பூசவேணாம். 2013 டிசம்பர்ல அங்க ஒரு பனிக்கட்டி மழை வந்து கிளையெல்லாம் ஐஸ் கனத்துல முறிஞ்சு ஊரே இருட்டாச்சு, ரெண்டா பிரிஞ்ச மேப்பிளா இருந்தா கவைய ஒரு சர்டிஃபிகேட் உள்ள ஆளவிட்டு பாக்க சொல்லுங்க. வெட்டுறதா இருந்தா அவர் இஷ்டத்துக்கு முடியாது, டொரண்டோல தரையிலேருந்து 1.4 மீட்டர் உயரத்துல 30 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ குறுக்களவு இருக்குற மரம்னா சொந்த வீட்டுதானாலும் நகராட்சி பெர்மிட் வேணும்.

நீங்க இந்த வாரம் கொத்தனார கூப்பிட்டு தளத்த ஒடைங்க, அடி தெரிஞ்சதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தட்டிப்பாத்து குறிச்ச எடத்தையும் எழுதி அனுப்புங்க, அத பாத்துட்டு எந்த கிளைன்னு நான் கோடு போட்டு அனுப்புறேன். அதுக்கு முன்னாடி யாரையும் மரத்துல ஏத்தாதீங்க. மழைக்குள்ள கிளைய கொறைக்க முடியாம போச்சுன்னா, புயல் எச்சரிக்கை வர்ற ராத்திரிகள்ல சமையக்கட்டு பக்கம் யாரும் படுக்கவேணாம்.